ஆராய்ச்சிக்காரர்களும் பாமர மக்களும்

"ஆராய்ச்சியில் கண்டிருக்கிறது" என்று ஒருவர் சொல்லிவிட்டால் நம் நாட்டில் பெரும்பாலோர் வாயை மூடிக் கொள்ளுகிறார்கள். முன்பெல்லாம் "சாஸ்திரத்தில் சொல்லியிருக்கிறது" என்றால் எப்படி மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசக்கூடாதோ, அப்படியே இன்று ஆராய்ச்சி என்கின்ற பேருக்கும் ஒரு பயபக்தி ஏற்பட்டுவிட்டது. ஆனால் சாஸ்திரத்துக்கும் ஆராய்ச்சிக்கும் உள்ள வித்தியாசமெல்லாம், முன்னது கேட்பவன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்கிறது. பின்னது தாராளமாய்க் கேள், பதில் சொல்லுகிறேன் என்கிறது என்பதுதான். ஆகவே நாமும் தாராளமாகவே ஒரு கேள்வி கேட்க வந்திருக்கின்றோம்.

இன்று உலகமெங்கும் உள்ள சர்வகலாசாலைகளில் சமூக வலைத்தளங்களைப் பற்றி மும்முரமாய் ஆராய்ச்சி நடக்கின்றது. ஜனங்கள் எதை நம்புகிறார்கள், எந்தப் பொய் எவ்வளவு தூரம் ஓடுகிறது, எந்தக் கட்சிக்கு எங்கே செல்வாக்கு, எந்த வகுப்பார் மீது எவருக்குத் துவேஷம் என்பவைகளையெல்லாம், அத்தளங்களில் எழுதப்படும் எழுத்துகளை யந்திரக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறார்கள். இதை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. புரளியையும் மூடநம்பிக்கையையும் ஒழிக்க வேண்டுமென்பவர்களுக்கு, அவை எப்படிப் பரவுகின்றன என்கின்ற அறிவு அவசியம் வேண்டியதேயாகும். நமது கேள்வியெல்லாம், இவர்கள் எந்த ஜனங்களைப் பார்த்துவிட்டு "ஜனங்கள்" என்று எழுதுகிறார்கள் என்பதுதான்.

கணக்கைப் பார்ப்போம். 2021-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் இந்திய சர்க்கார் இத்தளங்களுக்குப் புதிய விதிகளை வெளியிட்ட போது, இந்நாட்டில் எந்தத் தளத்துக்கு எத்தனை பேர் என்று ஒரு புள்ளியையும் வெளியிட்டார்கள். அதன்படி வாட்ஸாப்புக்கு 53 கோடி, யூடியூப்புக்கு 44.8 கோடி, பேஸ்புக்குக்கு 41 கோடி, இன்ஸ்டாகிராமுக்கு 21 கோடி. ட்விட்டருக்கு எவ்வளவு தெரியுமா? 1.75 கோடி. அதாவது வாட்ஸாப்பில் 30 பேர் இருந்தால் ட்விட்டரில் ஒருவர். தேச ஜனத்தொகையை வைத்துப் பார்த்தாலோ நூற்றுக்கு ஒன்றரைப் பேர்கூட இல்லை.

ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் புரட்டினால் கணக்குத் தலைகீழாய் இருக்கிறது. எந்தத் தளத்தில் ஆள் குறைவோ அந்த ட்விட்டரைப் பற்றித்தான் பல வருஷங்களாகக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. ஆள் நிறைந்த வாட்ஸாப்பைப் பற்றியும் யூடியூப்பைப் பற்றியும் உள்ள ஆராய்ச்சி அவற்றின் ஆள் பலத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. தேர்தலா, கொள்ளை நோயா, கலவரமா, எது வந்தாலும் "ஜனங்களின் மனோபாவம்" என்று எழுதப்பட்டவைகளில் பெரும்பகுதி ட்விட்டரில் இருந்த அந்தச் சிறு கூட்டத்தாரின் மனோபாவமேயாகும்.

இது நம் நாட்டோடு போன கூத்தல்ல. இந்தத் தளங்கள் பிறந்த அமெரிக்காவிலும் இதே கதைதான். பியூ என்னும் ஆராய்ச்சி நிலையத்தார் 2021-ல் எடுத்த கணக்கில், அங்குள்ள வயது வந்தவர்களில் நூற்றுக்கு 81 பேர் யூடியூப்பையும், 69 பேர் பேஸ்புக்கையும் உபயோகித்தார்கள்; ட்விட்டரை உபயோகித்தவர்கள் 23 பேர். அந்த 23 பேராவது சரிசமமாய்ப் பேசுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. அதே நிலையத்தார் 2019-ல் வெளியிட்டபடி, அந்நாட்டு ட்விட்டர்வாசிகள் எழுதுவதில் நூற்றுக்கு 80 பாகம், அவர்களில் நூற்றுக்கு 10 பேர் எழுதியதே. தவிரவும் அவர்கள் மற்ற ஜனங்களைவிட வயதில் இளையவர்கள், படிப்பில் கூடியவர்கள், வருமானத்தில் மேலானவர்கள் என்றும் கண்டிருக்கிறது. ஆகவே "ஜனங்கள் சொல்லுகிறார்கள்" என்றால், வசதியுள்ளவர்களில் வாய் ஓயாதவர்கள் சொல்லுகிறார்கள் என்பதுதான் தாத்பர்யம்.

படித்த மேதாவிகளுக்கு இந்தச் சிறு கணக்கு தெரியாதா என்று கேட்கலாம். நன்றாய்த் தெரியும். பின் ஏன் இப்படி என்றால், காரணம் மிகவும் சாதாரணமானது. ட்விட்டர்க்காரன் கதவைத் திறந்து வைத்திருந்தான். மற்றவர்கள் மூடி வைத்திருந்தார்கள். அவ்வளவுதான். ஏ.பி.ஐ. என்று சொல்லப்படும் ஒரு வாசல் வழியாக, எழுதப்பட்டவைகளை யந்திரத்தைக் கொண்டு மொத்த மொத்தமாய் அள்ளிக் கொள்ள ட்விட்டர் இடம் கொடுத்தது. 2021 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்கென்றே தனி ஏற்பாடு செய்து, மாதம் ஒரு கோடி பதிவுகள் வரையில் இனாமாகவே எடுத்துக் கொள்ளலாம் என்றது. நாற்காலியை விட்டு எழுந்திராமல், ஒருவர் முகத்தையும் பாராமல், ஒரு சாயந்திரத்துக்குள் பல லட்சம் பேருடைய பேச்சு கைக்கு வந்துவிடும் என்றால், யார்தான் வேறு இடம் தேடிப் போவார்கள்?

வீட்டுக்குள் இருட்டிலே மோதிரத்தைத் தொலைத்துவிட்டு, தெருவில் வெளிச்சமாயிருக்கிறதென்று தெருவில் தேடிய முல்லாவின் கதையை நம்மில் அநேகர் கேட்டுச் சிரித்திருப்பார்கள். அந்த முல்லாவுக்குப் பட்டம் கொடுத்துச் சம்பளமும் போட்டு உட்கார வைத்தால் என்ன நடக்குமோ அதுதான் இங்கு நடந்தது. இதை நாம் மாத்திரம் சொல்லவில்லை. ஜெய்னெப் துஃபெக்சி என்கின்ற சமூகவியல் அறிஞர் 2014-லேயே அந்த வட்டாரத்துக்குள்ளிருந்து இதை எடுத்துக் காட்டினார். உயிர்நூல்காரர்கள் பழ ஈயை வைத்துக் கொண்டு ஆராய்வது, அது எளிதில் வளர்வதாலும் சீக்கிரம் பெருகுவதாலுமே. அது போலத்தான் இவர்களுக்கு ட்விட்டர் என்றார். பழ ஈயை ஆராய்வது தப்பல்ல. பழ ஈயை ஆராய்ந்துவிட்டு, யானையும் இப்படித்தான் என்று எழுதுவதுதான் தப்பு.

"இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? யாரோ சிலர் ஏதோ கட்டுரை எழுதிக் கொள்ளுகிறார்கள்" என்று சிலர் நினைக்கக்கூடும். நஷ்டம் யாருக்கு என்பதற்கு இரண்டு சம்பவங்களைச் சொல்லுகிறோம்.

2016-ல் அமெரிக்கத் தேர்தலின் போது ரஷ்யாவிலிருந்து ஒரு கூலிப் பிரசாரக் கூட்டம் பொய் வேஷம் போட்டுக் கொண்டு அந்நாட்டாரிடையே விஷம் தூவியது. பத்திரிகைகளும் பண்டிதர்களும் ட்விட்டரையும் பேஸ்புக்கையும் பற்றியே பெரிதும் பேசிக் கொண்டிருந்தார்கள். 2018 டிசம்பரில் அந்நாட்டுச் செனட் சபைக் கமிட்டிக்காகத் தயாரித்து வெளியிடப்பட்ட அறிக்கைகளில் ஒன்றைப் பார்த்தால், அக்கூட்டத்தாரின் பதிவுகளுக்கு ஜனங்கள் காட்டிய வரவேற்பு, ட்விட்டரில் சுமார் 7.3 கோடி, பேஸ்புக்கில் சுமார் 7.7 கோடி, யாரும் அவ்வளவாய்க் கவனியாத இன்ஸ்டாகிராமிலோ சுமார் 18.7 கோடி. அவர்கள் எல்லோரையும்விட அதிகமாய்க் குறிவைத்தது யாரைத் தெரியுமா? அந்நாட்டுக் கருப்பு இன மக்களை. தாழ்த்தப்பட்டவனை ஏமாற்ற வந்தவன் வெளிச்சமில்லாத சந்தில் நின்று கொண்டிருந்தான். காவலுக்கு நின்றவர்களோ வெளிச்சமுள்ள கடைவீதியைச் சுற்றிக் கொண்டிருந்தார்கள்.

மற்றொன்று நம் நாட்டில் நடந்தது. 2018-ல் "பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள்" என்கின்ற புரளி வாட்ஸாப்பில் ஊர் ஊராய்ப் பரவியது. அவ்வருஷம் மே மாதம் நமது திருவண்ணாமலை மாவட்டத்தில், குடும்பத்தாரோடு கோவிலுக்குப் போன 65 வயது மூதாட்டி ஒருவர் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதற்காக அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலை முதல் தேதி மகாராஷ்டிரத்தில் துளே ஜில்லாவில், பிச்சையெடுத்துப் பிழைக்கும் ஒரு நாடோடி வகுப்பைச் சேர்ந்த 5 பேர் ஒரே இடத்தில் கொல்லப்பட்டார்கள். இவர்களில் யாருக்காவது ட்விட்டர் கணக்கு இருந்திருக்குமா? இவர்களைக் கொன்ற கூட்டம்தான் ட்விட்டரில் கருத்துச் சொல்லிவிட்டு வந்து கொன்றதா? இத்தனை உயிர் போன பிறகுதான், அம்மாதம் வாட்ஸாப் கம்பெனியார் ஒரு செய்தியை ஒரே தடவையில் 5 இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு செய்தார்கள். ஏழைகள் சாவதற்கு முன்பே அந்தப் புரளியின் நடமாட்டத்தைத் தெரிந்து எச்சரித்திருக்க வேண்டிய அறிவு, வேறெங்கோ வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தது.

நிற்க, கைக்கு எட்டியவனைக் கேட்டுவிட்டு அதை எல்லோர் தலையிலும் கட்டுகின்ற இந்த வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. சுயமரியாதைக்காரர்களுக்கு இது பழைய காயம். கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்நாட்டாருக்கு என்ன சட்டம் என்று தெரிந்து கொள்ள ஆசைப்பட்ட போது யாரைக் கேட்டார்கள்? உழுகிறவனையா, நெய்கிறவனையா, செருப்புத் தைக்கிறவனையா? இல்லை. வங்காளத்தில் 11 பண்டிதர்களை உட்கார வைத்து ஒரு சட்டத் தொகுப்புச் செய்யச் சொல்லி, அதை ஹால்ஹெட் என்பவர் இங்கிலீஷில் எழுத, 1776-ல் அச்சிட்டார்கள். 1794-ல் வில்லியம் ஜோன்ஸ் என்னும் நீதிபதியின் மனுதர்ம மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அவர்களுக்கு எளிதில் கிடைத்தவர்கள் ஏட்டை வைத்திருந்த பார்ப்பனர்கள்; ஆகவே அவர்கள் ஏட்டில் இருந்ததே "இந்துக்கள்" அத்தனை பேருடைய சட்டமாய்ப் போய்விட்டது. மனு என்கின்ற பேரையே கேட்டிராத கோடிக்கணக்கான மக்களின் சொத்தும் கல்யாணமும் வாரிசும் அந்த ஏட்டின்படி கோர்ட்டில் தீர்க்கப்பட்டன.

இதைக் கண்டித்தவர் யார் தெரியுமா? மதுரைச் சீமை வரலாற்றை எழுதிய நெல்சன் என்கின்ற வெள்ளைக்கார அதிகாரி. அவர் 1877-ல் ஒரு புத்தகமே எழுதி, இந்தச் சமஸ்கிருதச் சட்டங்களுக்கும் தமிழ் நாட்டுச் சாதாரண ஜனங்களின் நடைமுறைக்கும் சம்பந்தமில்லை, அவர்களுடைய வழக்கத்தைப் போய்ப் பார்த்தல்லவா தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று வாதாடினார். அவர் பேச்சு எடுபடவில்லை. தப்பான ஆராய்ச்சி புத்தக அலமாரியில் தூங்கிக் கொண்டிருக்காது. அது சட்டமாகும், திட்டமாகும், தலைமுறை தலைமுறையாய் ஏழையின் முதுகின்மேல் ஏறி உட்காரும் என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

இனி, நமக்கு எதிராய்ச் சொல்லக்கூடிய சமாதானங்களையும் பார்ப்போம்.

முதலாவதாக, "ஆள் பலம் இருப்பதாலேயே ஒன்று ஆராயத் தகுந்ததாகிவிடுமா?" என்பார்கள். ஆகாது. கூட்டம் சேருவதெல்லாம் உயர்ந்தது என்று நாம் ஒருக்காலும் சொல்ல மாட்டோம். அப்படிச் சொல்லுவதானால் திருப்பதிக்குப் போகிற கூட்டத்தைப் பார்த்து நாமும் மொட்டையடித்துக் கொள்ள வேண்டியதுதான். மந்திரிகளும் பத்திரிகைக்காரர்களும் முதலாளிகளும் ட்விட்டரில் உட்கார்ந்து பேசுகிறபடியால், அவர்கள் பேச்சை ஆராய வேண்டியது அவசியமே. அதை ஆராய்ந்து "மந்திரிகள் இப்படிப் பேசுகிறார்கள், பத்திரிகைக்காரர்கள் இப்படிப் பேசுகிறார்கள்" என்று எழுதட்டும், நமக்கு ஆட்சேபணையில்லை. அதற்கு "மக்கள் கருத்து" என்று பேர் வைப்பதுதான் நாணயமல்ல என்கிறோம்.

இரண்டாவதாக, "வாட்ஸாப் என்பது இருவர் தனியாய்ப் பேசிக் கொள்ளும் இடம், அதில் எப்படி நுழைவது?" என்பார்கள். இது நியாயமான கேள்வி. ஏழையின் பேச்சை அவனுக்குத் தெரியாமல் ஒட்டுக் கேட்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அப்படிச் செய்வதானால் சர்க்கார் ஒற்றனுக்கும் ஆராய்ச்சியாளனுக்கும் என்ன வித்தியாசம்? ஆனால் பூட்டின வீட்டுக்குள் திருட்டுத்தனமாய் நுழைவதற்கும், கதவைத் தட்டி, விஷயத்தைச் சொல்லி, சம்மதம் கேட்டு உள்ளே வருவதற்கும் வித்தியாசமில்லையா? கதவைத் தட்டுவதற்குச் சோம்பல்பட்டுக் கொண்டு, அதற்கு மரியாதை என்று பேர் சொல்லிக் கொள்ளுவதைத்தான் நாம் ஒப்புக் கொள்ள முடியாது.

மனமிருந்தால் முடியும் என்பதற்கு அத்தாட்சி நம் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. லண்டன் சர்வகலாசாலைக் கல்லூரியைச் சேர்ந்த மானிடவியல் ஆராய்ச்சியாளர்கள் 9 பேர், உலகின் வெவ்வேறு பாகங்களில் 9 ஊர்களில் போய், 15 மாதம் ஜனங்களோடு ஜனங்களாய் வாழ்ந்து, அவர்கள் இத்தளங்களை எப்படி உபயோகிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். அதில் ஒருவரான ஸ்ரீராம் வெங்கட்ராமன் சென்னைக்கு வெளியே, பழைய கிராமங்களும் புதிய கம்ப்யூட்டர் கம்பெனிகளும் கலந்து கிடக்கும் ஓரிடத்தில் தங்கி, அவ்வூருக்குப் "பஞ்சகிராமி" என்று மாற்றுப் பேர் கொடுத்து எழுதிய புத்தகம் 2017-ல் வெளிவந்தது. புதுக் கருவி வந்தவுடன் பழைய வேலிகள் அறுந்து போய்விடவில்லை, ஜாதியும் வகுப்பும் வயதும் ஆண் பெண் பேதமும் கூடவே உள்ளே புகுந்திருக்கின்றன, இளம் பெண்களின் கையில் டெலிபோன் இருப்பதற்கே வீட்டு ஆண்கள் காவல் போடுகிறார்கள் என்பவைகளையெல்லாம் அதில் காணலாம். ட்விட்டரில் ஒரு கோடிப் பதிவை அள்ளினாலும் இந்தச் சங்கதி கிடைக்குமா? டெலிபோனைத் தொடவிடாத பெண் எந்தப் பதிவில் இருப்பாள்? எழுதாதவர்களைப் பற்றித் தெரிந்து கொள்ள அவர்கள் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

அது போலவே, 2019 பார்லிமெண்டுத் தேர்தல் சமயத்தில் இந்தியாவில் யாரும் சேரக்கூடியதாய் இருந்த 5,000-க்கு மேற்பட்ட அரசியல் வாட்ஸாப் குழுக்களைக் கவனித்து, 2020-ல் ஓர் ஆராய்ச்சி வெளியிடப்பட்டது. அவற்றில் பகிரப்பட்ட படங்களில் நூற்றுக்கு 13 பொய்யானவை அல்லது திரித்தவை என்று அதில் கண்டார்கள். ஆகவே முடியாது என்பது பொய். கஷ்டம் என்பதுதான் மெய்.

இது இப்படியிருக்க, சுலபமான வாசலையே நம்பியிருந்தவர்களின் கதி கடைசியில் என்னவாயிற்று? 2022 அக்டோபரில் ட்விட்டர் ஒரு பெரும் பணக்காரர் கைக்கு மாறியது. 2023 பிப்ரவரியில் இனாம் வாசல் மூடப்படும் என்று அறிவித்தார்கள். மொத்தமாய் வேண்டுபவர்களிடம் மாதம் 42,000 டாலர் முதல் கேட்கப்பட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. அவ்வருஷம் ஜூலையில் "எக்ஸ்" என்று பேரும் மாறிற்று. பேஸ்புக் கம்பெனியாரும், தங்கள் தளத்தில் எது பரவுகிறது என்று பார்க்கப் பத்திரிகைக்காரர்களும் ஆராய்ச்சியாளர்களும் உபயோகித்து வந்த கிரவுட்டேங்கிள் என்கின்ற கருவியை 2024 ஆகஸ்டு 14-ந் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். முல்லாவுக்கு வெளிச்சம் கொடுத்த விளக்கு முல்லாவினுடையதல்ல, முதலாளியினுடையது. அவன் ஏற்றினால் ஆராய்ச்சி, அணைத்தால் இருட்டு! உலகத்தில் என்ன நடக்கிறது என்பதை எந்த இடத்தில் பார்க்கலாம், எந்த இடத்தில் பார்க்கக்கூடாது என்று ஒரு கம்பெனி முதலாளி தீர்மானிப்பதானால், அதற்குச் சுதந்திர ஆராய்ச்சி என்று பேர் சொல்லிக் கொள்ள வெட்கமாயில்லையா?

ஐரோப்பிய நாடுகள் இதைக் கொஞ்சம் உணர்ந்திருக்கின்றன. அங்கு 2022-ல் செய்த ஒரு சட்டத்தில், பெரிய தளங்கள் தகுதி பார்த்து அங்கீகரிக்கப்பட்ட ஆராய்ச்சியாளர்களுக்கு வாசல் திறந்தே ஆக வேண்டுமென்று விதி செய்திருக்கிறார்கள். நம் நாட்டு 2021-ம் வருஷ விதிகளோ, ஒரு செய்தியை முதலில் அனுப்பியவன் யார் என்று கண்டுபிடித்துச் சொல்லும்படி கம்பெனிகளைக் கேட்கச் சர்க்காருக்கு அதிகாரம் கொடுக்கின்றனவேயொழிய, பொது நன்மைக்காக ஆராய வருகிறவனுக்கு ஒரு ஜன்னலைக்கூடத் திறந்துவிடவில்லை. ஆளைப் பிடிக்க வழி உண்டு. அறிவைத் தேட வழியில்லை!

ஆகவே நாம் கேட்பது மூன்றே காரியங்கள். முதலாவது, ஆராய்ச்சிக்காரர்கள் தங்கள் கட்டுரையின் தலைப்பிலேயே யாரைப் பார்த்து எழுதினோம் என்பதை யோக்கியமாய்ச் சொல்லட்டும். இரண்டாவது, சர்வகலாசாலைகளுக்குக் கொடுக்கப்படும் பொதுப் பணத்தில் ஒரு பங்கையாவது, பாமர மக்கள் உண்மையில் புழங்குகிற இடங்களைப் பார்க்கவும், அவர்கள் சம்மதத்தோடு கேட்கவும் ஒதுக்கட்டும். மூன்றாவது, தனி மனிதனின் அந்தரங்கத்துக்குக் காவல் வைத்து, பொதுவில் பரவுவதை ஆராய்வதற்குச் சட்டப்படி வாசல் திறக்கப்படட்டும்.

தோழர்களே! இதெல்லாம் படித்தவர்கள் காரியம் என்று நீங்கள் இருந்துவிடாதீர்கள். நாளைக் காலையில் ஒரு பத்திரிகையிலோ டெலிவிஷனிலோ "மக்கள் கொதிப்பு", "தேசமே பேசுகிறது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், உடனே தலையாட்டாமல், "எந்த மக்கள்? எத்தனை பேர்? எங்கே பேசினார்கள்? என்னைக் கேட்டீர்களா? என் வீட்டுப் பெண்ணைக் கேட்டீர்களா?" என்று கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் அதிகம் படியாத நமக்கு இந்தக் கேள்வி கேட்க யோக்கியதை உண்டா என்று சந்தேகப்பட வேண்டாம். 11 பண்டிதர்களைக் கேட்டதே போதுமென்று அன்று நம் முன்னோர் தலையில் எழுதினார்கள். அன்று எழுதியதை அழிக்க இன்னும் பாடுபட்டுக் கொண்டிருக்கிறோம். மறுபடியும் ஒரு தடவை நம்மைக் கேளாமல் நம்மைப் பற்றி எழுத விடுவோமா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.